வாக்கு ஒரு சாட்சி! அதற்கு விலை உண்டா?

(தஞ்சை வட்டார இளைஞர்கள், வணிகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

    

'இன்றைய பொதுவாழ்வில் ஈமானும் ஒழுக்கமும்' என்று எனக்குத் தலைப்பு தந்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேசுவது மிக எளிது. அரசியல்வாதிகளை ஒரு மணி நேரம் திட்டலாம். நீங்கள் கை தட்டலாம். தேநீர் குடித்துவிட்டுக் கலைந்து போகலாம். திட்டு வாங்கியவர் இந்தக் கூட்டத்தில் இல்லை, அதனால் யாருக்கும் வலிக்காது. இன்றைக்கு அந்தப் பேச்சு வேண்டாம். நம் ஊரில் நடந்த ஒன்றைப் பேசுவோம். நம் வீட்டு வாசற்படி வரை வந்த ஒன்றைப் பேசுவோம்.

தஞ்சையில் நின்றுபோன தேர்தல்

2016 மே 16. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திற்கு வாக்குப்பதிவு நாள். மொத்தம் 234 தொகுதிகள். அன்று வாக்குப்பதிவு நடந்தது 232 தொகுதிகளில். நடக்காத இரண்டு தொகுதிகள் எவை? ஒன்று கரூர் மாவட்டத்து அரவக்குறிச்சி. இன்னொன்று நம் தஞ்சாவூர்.

வெள்ளம் வந்ததா? கலவரம் மூண்டதா? எதுவும் இல்லை. வாக்காளர்களுக்குப் பணம் பாய்ந்தது. தேர்தல் ஆணையம் முதலில் மே 23க்குத் தள்ளி வைத்தது. பிறகு ஜூன் 13க்குத் தள்ளி வைத்தது. அப்போதும் நிலைமை சீராகவில்லை என்று, மே 28 அன்று அறிவிக்கையையே ரத்து செய்தது. பணப் பட்டுவாடாவுக்காக ஒரு சட்டமன்றத் தொகுதியின் தேர்தல் அடியோடு ரத்தானது இந்திய வரலாற்றில் அதுவே முதல் முறை. நவம்பர் 19ஆம் தேதிதான் மறுபடியும் வாக்குப்பதிவு நடந்தது. ஆறு மாத காலம் தஞ்சைக்குச் சட்டமன்றத்தில் ஓர் உறுப்பினர் இல்லை.

அதோடு முடிந்ததா? 2017 ஏப்ரலில் சென்னை ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் இதே காரணத்துக்காக ரத்தானது. 2019 ஏப்ரலில் வேலூர் நாடாளுமன்றத் தொகுதித் தேர்தல் ரத்தாகி, ஆகஸ்ட் 5 அன்று நடந்தது. வாணியம்பாடி, ஆம்பூர் என்று நம் சமுதாயம் நிறைந்து வாழும் ஊர்கள் உள்ள தொகுதி அது! ஆக, 'இது யாரோ செய்கிற காரியம், நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை' என்று நாம் ஒதுங்கிவிட முடியாது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். அந்த 2016ஆம் ஆண்டில்தான் ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கவில்லை. குறுவை போயிற்று. வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. சம்பாப் பயிர் கண்முன்னே கருகியது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசே அறிவித்தது. சோழநாட்டு வாய்க்காலில் தண்ணீர் ஓடாத ஆண்டில், தஞ்சைத் தெருவில் பணம் ஓடியது! இதைவிட வெட்கக்கேடு என்ன இருக்க முடியும்?

மூன்று பேர்

ஸஹீஹுல் புகாரியில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நபிமொழி இருக்கிறது. மறுமை நாளில் அல்லாஹ் ஏறிட்டும் பாராத மூன்று பேரைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதில் எச்சரிக்கிறார்கள். அதன் கருத்தை மட்டும் சொல்கிறேன். இந்த மண்ணில் உட்கார்ந்து கேட்பவர்களுக்கு அது நமக்காகவே சொன்னது போல இருக்கும்.

முதலாமவன், தன் தேவைக்கு மேல் தண்ணீர் வைத்திருந்தும் வழிப்போக்கனுக்குக் கொடுக்க மறுத்தவன். இரண்டாமவன், தலைவருக்கு உலக ஆதாயத்துக்காக மட்டுமே வாக்குறுதி தந்தவன். கொடுத்தால் திருப்தி அடைவான், கொடுக்காவிட்டால் கோபம் கொள்வான். மூன்றாமவன், அஸருக்குப் பிறகு சரக்கைப் பரப்பி வைத்துக்கொண்டு, 'எனக்கு இதற்கு இவ்வளவு விலை கேட்டார்கள்' என்று அல்லாஹ்வின் மேல் பொய்ச் சத்தியம் செய்து விற்றவன்.

தண்ணீர், தலைமை, வியாபாரம். டெல்டாவின் மொத்த வாழ்க்கையும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிட்டதே! நாம் முதல் ஆளைப் பற்றி நிறையப் பேசுகிறோம். காவிரிக்காக மறியல் செய்கிறோம். நியாயம், செய்யத்தான் வேண்டும். மூன்றாம் ஆளைப் பற்றி ஜும்ஆ மேடையில் எப்போதாவது பேசுகிறோம். நடுவில் இருக்கிற அந்த இரண்டாம் ஆளைப் பற்றி நாம் வாயே திறப்பதில்லை. 'கொடுத்தால் திருப்தி, கொடுக்காவிட்டால் கோபம்.' தேர்தலுக்கு முந்தைய இரவு நம் தெருக்களில் கேட்கும் பேச்சு எது? 'அந்தத் தெருவுக்குக் கொடுத்துவிட்டான், நம் தெருவுக்கு இன்னும் வரவில்லையே' என்ற கோபம்தானே?

வாக்கு என்றால் என்ன?

இளைஞர்கள் கேட்கலாம்: 'ஹஜ்ரத், நபி காலத்தில் வாக்குப்பெட்டி இல்லையே, இதை எப்படி மார்க்கத்தோடு இணைக்கிறீர்கள்?' நல்ல கேள்வி. கேட்கத்தான் வேண்டும்.

நம் காலத்து மார்க்க அறிஞர்கள் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். தேவ்பந்தில் முஃப்தியாக இருந்து, பிறகு கராச்சியில் வாழ்ந்த முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் வாக்குக்கு மூன்று நிலைகள் உண்டு என்று விளக்கினார்கள். ஒன்று, அது ஷஹாதத். 'இவர் தகுதியானவர், நேர்மையானவர்' என்று நாம் சொல்லும் சாட்சி. இரண்டு, ஷஃபாஅத், அதாவது பரிந்துரை. மூன்று, வக்காலத், நம் சார்பில் பேச ஒருவரை நியமிப்பது. அதுவும் நமக்காக மட்டுமல்ல, ஊர் முழுவதற்காகவும் நியமிப்பது.

சாட்சி என்று ஆகிவிட்டால் பிறகு சட்டம் தெளிவு. பாபநாசம் கோர்ட்டில் ஒரு வழக்கு என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னால் அவரை ஊரில் என்ன பெயர் சொல்லி அழைப்பீர்கள்? அவருக்கு உங்கள் வீட்டுப் பெண்ணைக் கொடுப்பீர்களா? பொய்ச் சாட்சியைப் பற்றிச் சொல்ல வந்தபோது, சாய்ந்திருந்த நபி (ஸல்) அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நிறுத்த மாட்டார்களா என்று தோழர்கள் ஏங்கும் அளவுக்குத் திரும்பத் திரும்ப எச்சரித்தார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 135ஆம் வசனம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. சொந்த நலனுக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ பாதகமாக அமைந்தாலும் நீதிக்கே சாட்சியாக நிற்கும்படி கட்டளையிடுகிறது.

இதை நம் சமுதாயத்துக்கும் சேர்த்தே சொல்கிறேன். 'நம்மவர்' என்ற ஒரே காரணத்துக்காகத் தகுதியில்லாதவருக்குச் சாட்சி சொல்லவும் இதில் இடமில்லை. இன்னாருக்குப் போடுங்கள் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பதை நாட்டின் சட்டம் தடுக்கிறது. 2017 ஜனவரி 2 அன்று உச்சநீதிமன்றம் அபிராம் சிங் வழக்கில் அந்தத் தடையை விரிவாகவே உறுதி செய்தது. நாம் கேட்பது வேறு. யாருக்குப் போட்டாலும் அது விற்ற வாக்காக இருக்கக்கூடாது.

சட்டமும் அதையே சொல்கிறது

லஞ்சம் கொடுப்பவன், வாங்குபவன் இருவரையுமே அல்லாஹ்வின் தூதர் (ஸல்) சபித்ததாக அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் வருகிறது. நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது? பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 171பி, 171இ பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 170, 173 பிரிவுகள். வாக்குக்காகக் கொடுப்பவரும் குற்றவாளி, வாங்குபவரும் குற்றவாளி. ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 'கொடுக்கிறவன்தான் திருடன், நான் ஏழை வாக்காளன்' என்ற சமாதானம் ஷரீஅத்திலும் செல்லாது, சட்டத்திலும் செல்லாது.

நம் தெருவில் கேட்கும் வாதங்கள்

இனி, இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களை எடுத்துக்கொள்வோம். அவற்றை ஏளனம் செய்ய நான் தயாரில்லை. சொல்கிறவர்கள் நம் அண்ணன், தம்பி, அத்தா, அம்மா. நிதானமாகப் பதில் சொல்லுவோம்.

முதல் வாதம்: 'அவன் கொள்ளையடித்த நம் பணம்தானே! நாம் திரும்ப வாங்கினால் என்ன தப்பு?' வணிகப் பெருமக்களே, இதற்கு நீங்களே பதில் சொல்லுங்கள். திருட்டுச் சரக்கு என்று தெரிந்தே ஒருவர் மலிவு விலைக்கு வாங்கினால் அது ஹலாலான கொள்முதலா? ஊர்ப்பணத்தைத் திருடியிருந்தால் அது ஊருக்குச் சொந்தம். அதில் உங்களுக்கு மட்டும் ஐந்நூறு எப்படி வந்தது? திருடனிடம் பங்கு வாங்கியவன் நாளைக்குத் திருடனை எதிர்த்துப் புகார் கொடுக்க முடியுமா?

இரண்டாம் வாதம்: 'பணத்தை வாங்கிக்கொள், மனசாட்சிப்படி வேறு ஆளுக்குப் போடு.' பெரிய தலைவர்களே மேடையில் சொன்ன யோசனை இது! இதற்கு உச்சநீதிமன்றமே ஒரு பதில் தந்திருக்கிறது. 2024 மார்ச் 4 அன்று, சீதா சோரன் வழக்கில், ஏழு நீதிபதிகள் அமர்வு ஒரு தீர்ப்புச் சொன்னது. அவையில் வாக்களிக்கப் பணம் வாங்கும் எம்.பி.க்கும் எம்.எல்.ஏ.வுக்கும் சட்டப் பாதுகாப்பு கிடையாது என்றார்கள். அதோடு, பணத்தை ஏற்றுக்கொண்ட அந்த நொடியிலேயே லஞ்சக் குற்றம் முழுமையாகிவிடுகிறது. பிறகு சொன்னபடி வாக்களித்தாரா, மாற்றிப் போட்டாரா என்பது பொருட்டே இல்லை என்றார்கள். எம்.எல்.ஏ.வுக்கு ஒரு நியாயம், அவரைத் தேர்ந்தெடுக்கும் நமக்கு ஒரு நியாயமா? வாங்கியதும் பாவம், ஏமாற்றியதும் பாவம். ஒரு பாவத்தை இன்னொரு பாவத்தால் கழுவ முடியாது.

மூன்றாம் வாதம்: 'தேர்தல் அறிக்கையில் இலவசம் அறிவிப்பதும் லஞ்சம்தானே?' அதில் விவாதிக்க நிறைய இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அறிக்கை வெளிச்சத்தில் வருகிறது. எதிர்த்துப் போட்டவருக்கும் கிடைக்கிறது. அரசின் கணக்கில் ஏறுகிறது. 2013 ஜூலையில் உச்சநீதிமன்றமும் அறிக்கையில் தரும் வாக்குறுதியை ஊழல் நடவடிக்கை என்று கொள்ள மறுத்தது. இரவில், வீட்டில் எத்தனை ஓட்டு என்று எண்ணிக் கையில் திணிக்கும் பணத்துக்கு இந்தப் போர்வையைப் போர்த்த முடியாது.

நான்காம் வாதம்தான் கடினமானது. 'வயிறு நிறைந்தவர்கள் பேசுகிற பேச்சு இது. நடவுக்குப் போகிற பெண்ணுக்கு ஐந்நூறு ரூபாய் என்ன என்று உங்களுக்குத் தெரியுமா?' சகோதரர்களே, இந்த வாதத்தின் முன்னால் நாம் தலை குனிந்துதான் நிற்க வேண்டும். தண்ணீர் வராத ஆண்டில் நடவும் இல்லை, களையெடுப்பும் இல்லை, அறுப்பும் இல்லை. அடுப்பு எரியாத வீட்டில் போய் ஒழுக்க வகுப்பு எடுக்க யாருக்கும் அருகதை கிடையாது. அந்தத் தாயைத் திட்டாதீர்கள். முதலில் நம்மைக் கேட்போம். நம் மஹல்லாவில் ஸகாத் முறையாகத் திரட்டப்படுகிறதா? பைத்துல்மால் என்று பெயர்ப்பலகை இருக்கிறது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது? ரமளான் கடைசிப் பத்தில் சில்லறை மாற்றி வரிசையில் நிற்கவைத்துக் கொடுப்பதோடு நம் ஸகாத் முடிந்துவிடுகிறதே! கடையில் வேலை பார்க்கும் பையனுக்கு நியாயமான சம்பளம் தருகிறோமா? இவற்றைச் செய்யாமல் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து 'வாங்காதே' என்று சொன்னால், அது நஸீஹத் ஆகாது, கொடுமையாகும்.

ஐந்தாம் வாதம் நம் கல்லூரி மாணவர்கள் எழுப்புவது. 'ஒழுக்கமாக இருக்க மதம் எதற்கு? மனிதநேயம் போதாதா? தாடி வைத்தவரும்தானே பணம் வாங்கினார்?' உண்மை. மறைக்க மாட்டேன். கடவுள் நம்பிக்கை இல்லாத ஜீவானந்தம் குடிசையில் வாழ்ந்து 1963இல் மறைந்தார். ஒரு காசு கறை இல்லை. காமராஜர் முதலமைச்சராக இருந்தும் சொத்துச் சேர்க்காமல் 1975இல் மறைந்தார். நம் காயிதே மில்லத் இஸ்மாயில் சாஹிப் நெல்லைச் சீமைக்காரர். அவரைக் கேரளத்து மஞ்சேரி மக்கள் 1962, 1967, 1971 என்று மூன்று முறை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். நோட்டு எண்ணி அல்ல, நேர்மையைப் பார்த்து. நல்லொழுக்கம் எந்த ஒரு கூட்டத்துக்கும் குத்தகை கிடையாது.

ஆனால் தம்பிகளே, ஒன்றை யோசியுங்கள். எது தப்பு என்று அறிவுக்குத் தெரியும். அந்த இரவில் கதவைத் தட்டியவனுக்கும் தெரியும், திறந்தவனுக்கும் தெரியும். தெரிந்தும் கை நீண்டதே, ஏன்? யாரும் பார்க்கவில்லை என்பதால். யாரும் பார்க்காத இடத்திலும் ஒருவன் பார்க்கிறான், அவனிடம் கணக்கு ஒப்படைக்க வேண்டும் என்ற உறுதிக்குத்தான் ஈமான் என்று பெயர். அந்த உறுதி இல்லாமல் தாடியும் தொப்பியும் மட்டும் இருந்தால் அது ஈமானின் சீருடை, அவ்வளவுதான். பொதுவாழ்வுக்கு ஈமான் கொண்டுவர வேண்டியது கொடியையும் கோஷத்தையும் அல்ல, இந்தக் கணக்குப் பயத்தை.

சத்தியம் வாங்குகிற வஞ்சகம்

பணம் கொடுக்க வருபவர்கள் சில இடங்களில் சத்தியம் வாங்குகிறார்கள் என்பது ஊர் அறிந்தது. இந்துச் சகோதரர்களிடம் கற்பூரத்தின் மேல், குழந்தையின் தலைமேல். நம்மவர்களிடம் 'அல்லாஹ் மேல் ஆணையாக' என்று. இதில் உள்ள வஞ்சகத்தைப் பாருங்கள். கொடுப்பவனுக்கு எதில் நம்பிக்கை? தன் கட்சியின் கொள்கையிலா? இல்லை. அந்த ஏழைப் பெண் சொன்ன சொல் தவற மாட்டாள், உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்ய மாட்டாள் என்பதில் நம்பிக்கை! அவளுடைய நேர்மையையே தூண்டிலாக்கி அவளைப் பிடிக்கிறான். நேர்மையானவளை விலைக்கு வாங்குவது எளிது என்று கண்டுபிடித்துவிட்டான்!

இதில் மார்க்கத்தின் தீர்ப்பைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பாவமான காரியத்துக்குச் செய்த சத்தியத்தை நிறைவேற்றக்கூடாது. அதை முறித்துவிட்டுப் பரிகாரம் செய்ய வேண்டும். பரிகாரம் என்ன என்பது திருக்குர்ஆன் ஐந்தாம் அத்தியாயம் 89ஆம் வசனத்தில் இருக்கிறது. பத்து ஏழைகளுக்கு உணவளிப்பது, அல்லது உடையளிப்பது, அல்லது ஓர் அடிமையை விடுதலை செய்வது. வசதி இல்லாதவர் மூன்று நாள் நோன்பு நோற்பது. கையில் வாங்கிய பணத்தைக் கொடுத்தவனிடமே திருப்பித் தர வேண்டும். முடியாவிட்டால், நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைக்குக் கொடுத்துத் தன் கையைக் காலி செய்துகொள்ள வேண்டும். இனிமேல் யாராவது 'குர்ஆன் மேல் கைவைத்துச் சத்தியம் செய்' என்று வந்தால், அவரை வாசலோடு திருப்பி அனுப்புங்கள். வாக்காளரைத் தெய்வகோபம் வரும் என்று நம்பவைத்துப் பணியவைப்பது தேர்தல் குற்றம் என்று சட்டமே சொல்கிறது. அது எங்களைப் போன்ற மேடை ஆலிம்களையும் சேர்த்துத்தான் கட்டுப்படுத்தும்!

வியாபாரிக்கு ஒரு கணக்கு

வணிகர்களுக்குக் கணக்கு பிடிக்கும். ஒரு கணக்குப் போடுவோம். ஒரு ஓட்டுக்கு ஐந்நூறு ரூபாய். ஐந்தாண்டுக்கு 1,826 நாட்கள். ஒரு நாளைக்கு வருவது 27 பைசா. ஆயிரம் கொடுத்தால் 55 பைசா. அந்தக் காசுக்கு இன்று எந்தக் கடையில் எதைத் தருவீர்கள்? அந்த விலைக்கு நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை, ஆஸ்பத்திரியை, வாய்க்காலை எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

கொடுப்பவர் பக்கத்துக் கணக்கு இது. ஒரு லட்சம் பேருக்கு ஆயிரம் வீதம் கொடுத்தால் பத்துக் கோடி ரூபாய். 2016இல் ஒரு சட்டமன்ற வேட்பாளர் செலவழிக்கச் சட்டம் அனுமதித்த உச்சவரம்பு 28 லட்சம். 2022இல் அதை 40 லட்சமாக உயர்த்தினார்கள். சட்டமன்ற உறுப்பினரின் மாத ஊதியம் 2017இல் ஒரு லட்சத்து ஐயாயிரமாக உயர்த்தப்பட்டது. ஐந்தாண்டு முழுவதும் சேர்த்தாலும் 63 லட்சம்தான். பத்துக் கோடி முதல் போட்டவர் 63 லட்சத்தோடு திருப்தி அடைவாரா? வியாபாரி என்றால் முதலையும் எடுப்பார், லாபத்தையும் எடுப்பார். எங்கே எடுப்பார்? ஆற்று மணலில் எடுப்பார். சாலை ஒப்பந்தத்தில் எடுப்பார். வேலை நியமனத்தில் எடுப்பார்.

அவர் எடுக்கத் தொடங்கிவிட்டால் கீழே இருப்பவரை யார் கேட்பது? நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று விவசாயியிடம் வாங்குகிற மாமூலைப் பற்றி டெல்டாவில் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2020இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையே அதைக் கடுமையாகக் கண்டித்தது. மழையில் நனையும் நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டு நிற்கும் விவசாயி, 'ஏனய்யா மூட்டைக்குக் காசு கேட்கிறாய்?' என்று அதட்டிக் கேட்க வேண்டும். ஆனால் அதிகாரத்தில் இருப்பவரிடம் முன்பே வாங்கியவனின் குரல் எழும்புமா? நாம் வாங்கிய ஐந்நூறு, மூட்டை மூட்டையாக நம்மிடமிருந்தே போய்க்கொண்டிருக்கிறது.

கடைக்காரர்களுக்குத் தனியாக ஒரு இழப்பும் உண்டு. தேர்தல் அறிவித்த நாள் முதல் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆவணம் இல்லாமல் கையில் கொண்டுபோனால் பறக்கும் படை பிடிக்கிறது. சரக்கு எடுக்கத் திருச்சிக்குப் போகும் ஜவுளிக்காரர் பிடிபடுகிறார். மாட்டுச் சந்தைக்குப் போகிறவர் பிடிபடுகிறார். வீடு வீடாகப் போக வேண்டிய பணம் மட்டும் பத்திரமாகப் போய்ச் சேருகிறது! பில், வங்கிச் சீட்டு, கணக்குப் புத்தக நகல் இவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிடிபட்டால் ஆவணத்தைக் காட்டி விடுவிக்க மாவட்ட அளவில் குழு இருக்கிறது, மனு கொடுங்கள். ஆனால் நோய்க்கு மருந்து அதுவல்ல. வாங்கும் கை மூடினால்தான் சோதனைச் சாவடியும் மூடும்.

நம் பள்ளிவாசல் வாசலில்

கடைசியாக, சொல்லக் கஷ்டமான ஒன்று. வேட்பாளர்கள் நம்மிடம் தனித்தனியாக மட்டும் வருவதில்லை. ஜமாஅத்தாகவும் பார்க்க வருகிறார்கள். 'மினாராவுக்கு என்ன செய்யலாம்? ஹவுளுக்கு மோட்டார் வேண்டுமா? தரைக்கு மார்பிள் போட்டுவிடலாமா?' என்று கேட்கிறார்கள். தேர்தல் இல்லாத நான்காண்டு காலம் அந்த மினாரா அவர்கள் கண்ணில் படவில்லையா?

நபி (ஸல்) அவர்கள் ஸகாத் வசூலிக்க ஒருவரை அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்து, 'இது உங்களுக்கு உரியது. இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது' என்றார். நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, அவர் தன் தாய் தந்தையின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்ற கருத்தில் கேட்டார்கள். புகாரியில் இருக்கிறது. அந்த அளவுகோலை எடுத்து வைப்போம். வாக்காளர் பட்டியலில் நம் பெயர்கள் இல்லாதிருந்தால் அந்த மார்பிள் நம் பள்ளியைத் தேடி வந்திருக்குமா? வந்திருக்காது என்றால் அது அன்பளிப்பு அல்ல. மொத்த மஹல்லாவின் சாட்சியையும் விற்ற முன்பணம். அந்தத் தரையில்தான் நாம் ஸஜ்தா செய்யப் போகிறோமா? மண் தரையில் செய்யும் ஸஜ்தாவை அல்லாஹ் ஏற்க மாட்டானா?

இன்னொரு வரலாறும் கேளுங்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் வருகிறது. கைபர் பேரீச்சந் தோட்டங்களின் விளைச்சலை மதிப்பிட நபி (ஸல்) அவர்கள் அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) அவர்களை அனுப்புவார்கள். தோட்டங்களை உழுதுவந்த யூதர்கள், பெண்களின் நகைகளைத் திரட்டிக் கொண்டுவந்து, மதிப்பீட்டைக் குறைத்துக்கொள்ளக் கேட்டார்கள். அப்துல்லாஹ் (ரலி) அதை ஹராம் என்று தள்ளிவிட்டார்கள். மனதில் உள்ள கசப்பு தம்மை அநீதி செய்யத் தூண்டாது என்றும் சொன்னார்கள். இந்த நேர்மையால்தான் வானமும் பூமியும் நிலைத்திருக்கின்றன என்று அந்த மக்களே சாட்சி சொன்னார்கள். மாற்றாரின் வாயால் அப்படி ஒரு சாட்சி நம்மைப் பற்றி வந்து எத்தனை காலமாயிற்று? 'பாய் கடையில் எடை சரியாக இருக்கும்' என்று இந்தத் தஞ்சை மண்ணில் ஒரு பேச்சு இருந்ததே! 'பாய்மார் தெருவில் ஓட்டுக்குப் பணம் எடுபடாது' என்றும் ஒரு பேச்சு வரட்டும். அதைவிடப் பெரிய தஅவா வேறு எது?

செய்ய வேண்டியவை

பேச்சோடு நிற்காமல் நான்கு காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

ஒன்று: ஒவ்வொரு ஜமாஅத்தும் பொதுக்குழு கூட்டித் தீர்மானம் எழுதட்டும். தேர்தல் அறிவிப்பு முதல் முடிவு வரை எந்த வேட்பாளரிடமும், கட்சியிடமும் பள்ளிவாசலுக்கோ மதரஸாவுக்கோ ஒரு ரூபாயும் ஒரு மூட்டை சிமெண்டும் வாங்க மாட்டோம் என்று எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். ஊராட்சித் தேர்தலுக்கும் இதுவே பொருந்தும். 2019 டிசம்பரில் சில ஊர்களில் தலைவர் பதவியையே ஏலம் விட்டதாகச் செய்தி வந்து, மாநிலத் தேர்தல் ஆணையம் எச்சரிக்க வேண்டிவந்தது. அந்த இழிவு நம் பக்கம் அண்டக்கூடாது.

இரண்டு: வேட்பாளர் வந்தால் பூட்டிய அறையில் பேசாதீர்கள். திறந்த கூட்டத்தில் கேள்வி கேளுங்கள். வாய்க்கால் தூர்வாருவது எப்போது? கொள்முதல் நிலைய மாமூலை நிறுத்த என்ன செய்வீர்கள்? எல்லா வேட்பாளரிடமும் அதே கேள்விகள். பதிலை எழுதி வையுங்கள். ஐந்தாண்டுக்குப் பிறகு எடுத்துக் காட்டுங்கள்.

மூன்று: இளைஞர்களுக்கு. பணம் கொடுப்பதைக் கண்டால் 2018இல் தேர்தல் ஆணையம் கொண்டுவந்த சி-விஜில் செயலியில் படத்தோடு புகார் அனுப்பலாம். 1950 என்ற எண்ணுக்கும் பேசலாம். யாரோடும் கைகலப்பு வேண்டாம். எந்தக் கட்சிக்காரர் கொடுத்தாலும் புகார் ஒன்றே. நமக்குப் பிடித்த கட்சி கொடுத்தால் கண்ணை மூடிக்கொள்வது புகார் அல்ல, பகைமை.

நான்கு: வணிகர்களுக்கு. வறட்சிக் காலத்துக்கு என்று பைத்துல்மாலில் தனியாக ஒரு நிதி ஒதுக்குங்கள். ஸகாத் நம்மவர்களுக்கு, ஸதகாவில் சாதி, மதம் பார்க்காதீர்கள். நடவு இல்லாத மாதத்தில் அந்தத் தாயின் வீட்டுக்கு அரிசி போய்ச் சேரட்டும். பிறகு அவர் வாசலுக்கு யார் பணத்தோடு வந்தாலும், 'வேண்டாம், எடுத்துக்கொண்டு போ' என்று சொல்லும் தெம்பு அவருக்குத் தானே வரும்.

சகோதரர்களே! அடுத்த தேர்தல் எப்போது வந்தாலும், அதற்கு முந்தைய இரவு யாரோ ஒருவர் நம் கதவைத் தட்டத்தான் போகிறார். அப்போது காவல்துறை அங்கே இருக்காது. பறக்கும் படை இருக்காது. நானும் இருக்க மாட்டேன். நீங்களும் உங்கள் இறைவனும்தான் இருப்பீர்கள். அந்த ஒரு நிமிடத்தில் நம் கை நீளாமல் இருக்கும் உறுதியை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.